கொதிக்கும் பிராசஸர்... கத்தும் ஃபேன்!

கோடையில் டெஸ்க்டாப் சூடாகவும் கூடாது, சத்தம் போடவும் கூடாது. என்ன வாங்கலாம், எதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்?

மே மாதத்தில் கம்ப்யூட்டர் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: “சார், சிஸ்டம் ஆன் பண்ணினாலே சத்தம் தாங்கலை. நல்ல கூலரா ஒண்ணு போட்டுக் கொடுங்க.” கடைக்காரரும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதில் பளபளப்பான ஒன்றை எடுத்து வைப்பார். கலர் கலராக விளக்கு எரியும், விலையும் அதற்கேற்ப இருக்கும். வீட்டில் மாட்டிப் பார்த்தால் சூடு நாலைந்து டிகிரி இறங்கியிருக்கும். சத்தம் மட்டும் பழையபடியே.

அந்தக் கூலரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலர் வாங்குவது இந்த வேலையில் கடைசிப் படி. பலரும் அதையே முதல் படியாக்கி விடுகிறார்கள். பிராசஸர் எத்தனை வாட் இழுக்கிறது, கேபினெட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, அறையில் எத்தனை டிகிரி வெயில் இறங்கியிருக்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகு வாங்கினால், சில ஆயிரம் ரூபாயில் சத்தம் அடங்கிவிடும். சிலருக்குப் பைசா செலவில்லாமலேகூட அடங்கும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது?

2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இன்டெல் கோர் ஐ9 13900கே பிராசஸரை எடுத்துக்கொள்வோம். முழு மூச்சில் ஓடும்போது அதன் மின்வரம்பு 253 வாட். உள்ளே இருக்கும் சிலிக்கான் சிப்பின் பரப்பு சுமார் 257 சதுர மில்லிமீட்டர். ஆக, ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 100 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில்கூட சதுர சென்டிமீட்டருக்குப் பத்து வாட் தேறாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆரம்பகால 486 பிராசஸர்கள் தலையில் எதுவும் இல்லாமலே ஓடின. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் தான். 2004 பிப்ரவரியில் வந்த ‘பிரஸ்காட்’ ரக பென்டியம் 4-ல் இது 115 வாட்டைத் தொட்டது. சூடும் சத்தமும் எல்லை மீறவே, அடுத்து வரவிருந்த ‘தேஜாஸ்’ பிராசஸரை அதே ஆண்டு மே மாதம் இன்டெல் கைவிட்டது. 2006-ல் கோர் 2 டியோ 65 வாட்டுக்கு இறங்கி வந்தது. வீடுகளில் கொஞ்சம் அமைதி திரும்பியது. பிறகு இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் போட்டி சூடுபிடித்ததில் கோர்களின் எண்ணிக்கை ஏறியது, வேகம் ஏறியது, வாட்டும் ஏறிவிட்டது. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை எடுத்துக்கொள்ளும்.

எரிந்துபோகுமா?

இந்தப் பயம் ஒருகாலத்தில் நியாயமானதுதான். 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம் ஒரு வீடியோ வெளியிட்டது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸர் மேலிருந்த கூலரைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. ஏஎம்டியின் ஆத்லானோ புகைவிட்டுக் கருகிப்போனது.

இன்றைய பிராசஸர் எதுவும் அப்படிச் சாகாது. தனக்கு விதித்த வெப்ப எல்லையைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். இன்டெலின் 13, 14-ம் தலைமுறைகளில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி. முழுச் சுமையில் 95 டிகிரிக்குப் போய் நிற்பது தங்கள் வடிவமைப்பின்படிதான் நடக்கிறது என்று ஏஎம்டி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

ஆகவே வீடியோ ரெண்டர் ஆகும்போது திரையில் 90 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். வேகம் விழுகிறதா, சத்தம் தொந்தரவாக இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் உங்களுக்குப் புதுக் கூலர் தேவையே இல்லை.

முதல் வேலை பயாஸில்

பிராசஸர் இழுக்கும் மின்சாரம், வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடியோடும் ஏறும். கடைசி 300, 400 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைப் பிழிந்தெடுக்க வோல்டேஜைக் கூட்டியாக வேண்டும். அந்தக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் சூடு கிடுகிடுவென்று ஏறுகிறது. திருப்பிச் சொன்னால், கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் ஏராளமான சூடு மிச்சம். 2022-ல் 13900கே-யை அறிமுகப்படுத்தியபோது இன்டெல் முன்வைத்த ஒப்பீடே இதற்குச் சாட்சி: புது பிராசஸரை 65 வாட்டில் கட்டிப்போட்டாலும், பல கோர்களும் சேர்ந்து செய்யும் வேலையில், 241 வாட் எடுக்கும் முந்தைய தலைமுறை 12900கே-க்குச் சமமாக நிற்கும் என்றார்கள்.

இன்டெல் மதர்போர்டின் பயாஸில் பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது நெடுநேரத்துக்கான மின்வரம்பு, இரண்டாவது சிறிது நேரப் பாய்ச்சலுக்கானது. பல போர்டுகளில் இந்த இடத்தில் 4096 வாட் என்று போட்டிருக்கும்! ‘வரம்பே இல்லை’ என்பதற்கு போர்டு தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் எண் அது. அதை அழித்துவிட்டு 125 அல்லது 150 என்று கொடுத்துப் பாருங்கள். கேம் ஆடுபவருக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம். மணிக்கணக்கில் ரெண்டர் செய்பவருக்குக் கொஞ்சம் நேரம் கூடும். ஃபேன் சத்தம் இருவருக்குமே நன்றாகக் குறையும்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பயாஸில் ‘ஈகோ மோடு’ என்று தேடுங்கள். 65 வாட் ஈகோ மோடைத் தேர்ந்தெடுத்தால் பிராசஸரின் மொத்த மின்வரம்பு 88 வாட்டில் நிற்கும்.

கையோடு பயாஸையும் புதுப்பித்துவிடுங்கள். 13, 14-ம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் சிலவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் பழுது வருவதை 2024-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. திருத்தத்தை பயாஸ் அப்டேட்டாகவே கொடுத்து, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தப் பழுதை எவ்வளவு விலையுயர்ந்த கூலராலும் தடுத்திருக்க முடியாது.

அறையின் சூடும் கணக்கில் வரும்

கூலர் எதையும் ‘குளிர்விப்பது’ இல்லை. பிராசஸரின் சூட்டை எடுத்து அறைக் காற்றில் கலக்கிறது, அவ்வளவே. எனவே அறையின் வெப்பத்துக்குக் கீழே எந்த ஏர் கூலராலும் லிக்விட் கூலராலும் இறங்க முடியாது.

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் எண்களை இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அங்கே சோதனைக்கூடம் 20 முதல் 23 டிகிரிக்குள் இருக்கும். அங்கே 72 டிகிரி காட்டிய கூலர், கத்திரி வெயிலில் 36 டிகிரி இருக்கும் மதுரை மாடி அறையில் 85-ஐத் தாண்டும். கூலர் மோசமாகிவிடவில்லை, அறையின் சூடு அப்படியே அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனவே நம் ஊர்க்காரர்கள் விமர்சனத்தில் பார்க்கும் எண்ணோடு பதினைந்து டிகிரியைக் கூட்டிக்கொண்டு, அதற்குப் பிறகும் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பெரிய கூலர் போட்டால் அறை சூடாகாது என்று நினைப்பவர்களும் உண்டு. கிராபிக்ஸ் கார்டோடு சேர்த்து 500 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர், எந்தக் கூலர் போட்டாலும் அந்த 500 வாட்டையும் அறைக்குள்தான் கொட்டும். ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடியது சுமார் 3,500 வாட் வெப்பம். அதில் ஏழில் ஒரு பங்கு இந்தப் பெட்டிக்கே போய்விடும். மின்வரம்பைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செம்புக் குழாய்க்குள் ஒரு மழை

டவர் கூலர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிராசஸரைத் தொடும் அடித்தட்டிலிருந்து நாலு அல்லது ஆறு செம்புக் குழாய்கள் வளைந்து மேலே போகும். பெரும்பாலும் ஆறு மில்லிமீட்டர் குறுக்களவு. மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக அவற்றில் கோத்திருக்கும்.

அந்தக் குழாய் கெட்டிக் கம்பி கிடையாது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீரை மட்டும் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைவு என்பதால் 100 டிகிரிக்கு வெகு முன்பாகவே தண்ணீர் ஆவியாகும். பிராசஸர் பக்கம் ஆவியான நீர், சூட்டைச் சுமந்துகொண்டு மேலே ஓடி, தகடுகளுக்கு நடுவே குளிர்ந்து மீண்டும் துளியாகும். குழாயின் உட்சுவரில் செம்புத்தூள் படிந்த நுண்துளைப் பூச்சு இருக்கிறது. திரி எண்ணெயை உறிஞ்சும் அதே தந்துகிக் கவர்ச்சியால் துளிகள் அதன் வழியே அடித்தட்டுக்குத் திரும்பும். மின்சாரமும் மோட்டாரும் இல்லாமல் இந்தச் சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டினார். சில ஆண்டுகளில் செயற்கைக்கோளில் ஏறிய தொழில்நுட்பம் இன்று மேசைக்கடியில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை இந்தக் குழாய்களின் எண்ணிக்கையும் தகடுகளின் மொத்தப் பரப்புமே. தகடு அதிகமானால் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும். தகடு குறைந்தால் அந்தக் குறையை ஃபேன் வேகத்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கும். பிராசஸரோடு இலவசமாக வரும் ஸ்டாக் கூலர்கள் கத்துவது இதனால்தான்.

பெரிய ஃபேன், மெதுவான சுற்று

ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும் என்பதால் இது பெரிய லாபம். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் போட்டால் கூடுவதோ வெறும் மூன்று டெசிபல். எனவே 1,800 சுற்றில் ஒரு ஃபேனை விரட்டுவதைவிட, 1,000 சுற்றில் இரண்டை ஓடவிடுவது காதுக்கு இதம். அளவிலும் அப்படித்தான்: 120 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்பு 80 மில்லிமீட்டர் ஃபேனைவிட இரண்டே கால் மடங்கு.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிட வேண்டாம். அளக்கும் தூரமும் முறையும் ஆளுக்கு ஆள் மாறும். தவிர, சத்தத்தின் அளவைவிட அதன் தன்மையே எரிச்சலைத் தீர்மானிக்கிறது. சீரான ‘ஸ்ஸ்’ என்ற காற்றொலி பத்து நிமிடத்தில் பழகிவிடும். பேரிங்கின் ‘டிக்டிக்’கும் பம்ப்பின் ‘ங்ங்’கும் பழகவே பழகாது.

அதைவிட மோசமானது ஏறி இறங்கும் சத்தம். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்ததும் ஃபேன் ‘வூங்’ என்று எகிறி, இரண்டு நொடியில் அடங்கும். அடுத்த க்ளிக்கில் மறுபடி எகிறும். சிப்பின் வெப்பம் ஒரு நொடிக்குள் இருபது டிகிரி தாவக்கூடியது. ஃபேன் ஒவ்வொரு தாவலையும் துரத்துகிறது. பயாஸின் ஃபேன் பகுதியில் ‘ஸ்டெப் அப் டைம்’ போன்ற பெயரில் ஒரு தாமத அமைப்பு இருக்கும். அதைக் கூட்டுங்கள். 60, 65 டிகிரி வரை ஃபேன் ஒரே மெதுவான வேகத்தில் ஓடும்படி, ஃபேன் வேகத்தைக் காட்டும் வரைபடக் கோட்டைச் சமமாக்குங்கள். நாலு பின் உள்ள பிடபிள்யூஎம் ஃபேனாக இருந்தால் இந்தக் கட்டுப்பாடு துல்லியமாக அமையும். இது மட்டுமே பல வீடுகளில் புகாரைத் தீர்த்துவிடும்.

எவ்வளவு அமைதி தேவை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஓடும் அறையில், 900 சுற்றில் ஓடும் 120 மில்லிமீட்டர் ஃபேன் இருப்பதே தெரியாது. கதவைச் சாத்தி, மைக் வைத்துக் குரல் பதிவு செய்பவருக்கு அதே ஃபேன் பெரிய இடைஞ்சல். முன்னவர், பின்னவருக்கான கூலருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

தண்ணீரா, காற்றா?

லிக்விட் கூலர் என்றாலே அமைதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாதிதான் உண்மை. 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரில் பரப்பு அதிகம். நீரின் நிறை, சூடு சட்டென ஏறாமல் தாங்கிப் பிடிக்கும். மணிக்கணக்கில் 250 வாட் சுமை இருக்கும் ரெண்டரிங் வேலைக்கு அது பொருத்தம்.

ஆனால் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் பம்ப் ஓடும். அதன் சன்னமான ரீங்காரம் இரவில் கேட்கும். ரப்பர் குழாய் வழியே நீர் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து குறையும். பம்ப் நின்றால் முழு செட்டையும் மாற்ற வேண்டியதுதான். ஏர் கூலரில் கெட்டுப்போவது ஃபேன் ஒன்றுதான்; சில நூறு ரூபாயில் வேறொன்றை மாட்டலாம். 200 வாட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஏர் கூலரே என் பரிந்துரை.

யாருக்கு எது?

கோர் ஐ5 12400, ரைசன் 5 7600 போன்ற 65 வாட் ரகத்துக்கு நாலு குழாய், ஒரு டவர், ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போதும். கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212, டீப்கூலின் ஏகே400 ஆகியவை இந்த வகை. ஸ்டாக் கூலரிலிருந்து இவற்றுக்கு மாறும்போதுதான் வித்தியாசம் மிக நன்றாகத் தெரியும்.

ஐ7, ஐ9, ரைசன் 9 வைத்திருப்பவர்கள் ஆறு குழாய், இரட்டை டவருக்குப் போகலாம். தைவானின் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ (உயரம் 155 மில்லிமீட்டர்), டீப்கூல் ஏகே620 (160) இரண்டும் கொடுத்த காசுக்கு மேல் உழைப்பவை. ஆஸ்திரியாவின் நாக்டுவா 2014-ல் கொண்டுவந்த என்ஹெச்-டி15 (165) இன்றும் அமைதிக்குப் பேர்போனது. இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன்களோடு 1.32 கிலோ எடை, பழுப்பு நிறம், ஆறு ஆண்டு உத்தரவாதம். புது சாக்கெட் வந்தால் அதற்கான பிடிமானத்தையும் அந்த நிறுவனம் இலவசமாகத் தருகிறது. தெர்மல்ரைட்டின் விலை இதில் பாதிகூட வராது. சூட்டைக் குறைப்பதில் பெரிய வித்தியாசமும் இருக்காது. கூடுதல் பணம் ஃபேனின் தரத்துக்கும் ஆயுளுக்கும் போகிறது.

ரைசன் 7 7800எக்ஸ்3டி ஒரு சுவாரஸ்யமான விதிவிலக்கு. பெட்டியில் 120 வாட் என்று இருக்கும். கேம் ஆடும்போது அதைவிட வெகு குறைவாகவே இழுக்கும். அட்டையைப் பார்த்து 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் வாங்குபவர்கள் வீணாகத்தான் செலவழிக்கிறார்கள்.

மாட்டும்போது கவனம்

* கேபினெட் எத்தனை மில்லிமீட்டர் உயரக் கூலரை ஏற்கும் என்று அதன் விவரத்தில் பாருங்கள். 155 மட்டுமே ஏற்கும் பெட்டியில் 165 வைத்தால் பக்கக் கதவு மூடாது. உயரமான ரேம் இருந்தால் ஃபேன் இடிக்கும்.

* இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி முந்தைய 75 மில்லிமீட்டரிலிருந்து 78-க்கு மாறிவிட்டது. பழைய கூலருக்குப் புதுப் பிடிமானம் தேவை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் பெரும்பாலும் புதிய ஏஎம்5-லும் உட்காரும்.

* அடித்தட்டின் பிளாஸ்டிக் உறையை உரித்துவிடுங்கள். புதுக் கூலர் போட்டும் சூடு குறையாததற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

* தெர்மல் பேஸ்ட்டின் வேலை, இரண்டு உலோகங்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய காற்றிடைவெளியை அடைப்பது மட்டுமே. காற்றைவிட அது மேல்; செம்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எனவே மெல்லிய படலமாக இருக்க வேண்டும். அப்பி வைப்பதால் பலனில்லை.

* நாலு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இன்டெல் ஸ்டாக் கூலரின் பிளாஸ்டிக் ஊசிகள் நாலும் ‘டக்’ என்று உட்கார்ந்ததா என்று போர்டின் பின்பக்கம் பாருங்கள்.

கேபினெட்டுக்கும் மூச்சு வேண்டும்

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் பார்க்க அழகு. உள்ளே சூடான காற்றே சுற்றிச் சுற்றி வரும். எவ்வளவு நல்ல கூலரும் அந்தச் சூட்டில்தான் வேலை செய்யும். வலை போட்ட முன்பக்கம், அங்கே உள்ளே இழுக்கும் இரண்டு ஃபேன், பின்னால் வெளியே தள்ளும் ஒரு ஃபேன்: இது போதுமான அமைப்பு. கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அலமாரிக்குள் பெட்டியைத் தள்ளி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை வடிகட்டியைத் தட்டித் துடைத்தால், தூசியால் ஏறும் சத்தமும் நின்றுவிடும்.

இத்தனையும் செய்த பிறகு கடைக்குப் போங்கள். “நல்ல கூலர் எது?” என்று கேட்டால் கடையில் தேங்கிக் கிடப்பதுதான் நல்ல கூலராகும். “மின்வரம்பு 125 வாட், கேபினெட் 160 மில்லிமீட்டர் ஏற்கும், கோடையில் அறை 35 டிகிரி” என்று சொல்லிப் பாருங்கள். மேசைமேல் வரும் பெட்டிகள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். அவற்றில் விலை குறைந்ததை வாங்கி வரலாம்.